பித்தளையில் எழுதிய பெயர்கள்: நம் வட்டார நினைவு நாணயங்களும் பதக்கங்களும்

கடையில் விலை கேட்டால் ‘பத்து வெள்ளி’ என்னும் விடை வருவது நம் செவிக்குப் புதிதன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்க்கு வெள்ளி என்பது உலோகத்தின் பெயர் மட்டுமன்று, பணத்தின் அலகும் அதுவே. தாள் பணம் வந்தது, அட்டை வந்தது, இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது. சொல் மட்டும் மாறவில்லை. முற்காலத்தில் இவ்வட்டாரத்துத் துறைமுகங்களில் ஸ்பானிய, மெக்சிக்க வெள்ளிக் காசுகள் புழங்கின. அவற்றின் நினைவை நம் பேச்சு இன்றளவும் சுமந்து நிற்கிறது. மலாய் மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லும் அதே காசுகளிலிருந்து எழுந்ததே. ஓரம் சுரண்டப்படாதிருக்க அக்காசுகளின் விளிம்பில் பற்கள் வெட்டியிருப்பர். பற்கள் உடையது என்பதே ரிங்கிட் என்பதன் பொருள். மலாய் மக்கள் விளிம்பைத் தொட்டுப் பெயரிட்டனர், தமிழர் உலோகத்தைக் கண்டு பெயரிட்டனர் எனலாம். ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு வழியில் வந்தது. ஆயினும் கிழக்கத்தியச் சிறு நாணயங்களை ஐரோப்பியர் அப்பெயரால் குறித்தது நம் ‘காசு’ என்னும் சொல்லைப் போர்த்துகீசியர் வாயிலாகக் கேட்டதனால்தான்.

மொழியியல் பயின்ற நாம் நாணயங்களையும் பதக்கங்களையும் சேர்க்கத் தொடங்கியது இவ்வாறு சொற்களைத் தொடர்ந்து சென்றதன் விளைவு. ஆகவே இக்கட்டுரையில் எந்த நாணயம் எத்தனை வெள்ளி பெறும் என்னும் செய்தி மிகுதியாய் இராது. அதனைக் கூறும் விலைப்பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. நம் வட்டாரத்தில் வெளியான நினைவு நாணயங்களிலும் பதக்கங்களிலும் என்ன எழுதப்பட்டுள்ளது, அதனை எவ்வாறு படிப்பது, எவ்வாறு காப்பது என்பனவே இங்குப் பேசப்படும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவு நாணயம் என்பது அரசின் அதிகாரம் பெற்ற அமைப்பு வெளியிடுவது. அதில் முகமதிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். சட்டப்படி அது செல்லும் பணம். மலேசியாவில் பேங்க் நெகாராவும் சிங்கப்பூரில் நாணய ஆணையமும் அவற்றை வெளியிடும் பொறுப்புடையவை. பதக்கத்துக்கு முகமதிப்பு இல்லை. அரசும் அடிக்கலாம், ஆலயமும் அடிக்கலாம், ஒரு தோட்டத்துப் பந்தாட்டக் குழுவும் அடிக்கலாம். ‘பதக்கம்’ என்பது நம் மொழியில் முதற்கண் மார்பில் தொங்கும் அணிகலனைக் குறித்தது; பரிசாகத் தரப்படும் வட்டத் தகட்டுக்கு அப்பெயர் பிற்காலத்தில் ஏறியது. தனியார் நிறுவனங்கள் நாணயம்போல் தோன்றுமாறு அடித்து, பொன்முலாம் பூசி, வண்ணமும் ஏற்றி, பட்டுப்பெட்டியில் வைத்து விற்பவை பெரும்பாலும் பதக்க வகையே. முகமதிப்பு இல்லையேல் அது நாணயமன்று. புதிதாய்ச் சேர்க்கத் தொடங்குவோர் பணத்தை இழப்பது இங்கேதான். அவ்வண்ணப் பொருள்களிடத்து நமக்கு மதிப்புக் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நினைவு நாணயங்களிலும் தரவேறுபாடு உண்டு. சில, புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டுக் கடையில் சில்லறையாகவும் கைக்கு வரும். சில, புழங்காத நிலையில் உறையிலிட்டு விற்கப்படும். மூன்றாம் வகை ‘புரூஃப்’ எனப்படுவது. மெருகேற்றிய அச்சினால், மெருகேற்றிய தகட்டின்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பதனால் அதன் நிலம் கண்ணாடிபோல் மின்னும். உருவம் பனிபடர்ந்தாற்போல் வெளுத்துத் தோன்றும். அதன்மேல் ஒரு விரல் பட்டாலும் ரேகை நிலைத்துவிடும்.

இரு நாடுகளும் 1967-இல் தத்தம் நாணயத்தை வெளியிடத் தொடங்கின. அதுவரை மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாணய வாரியத்தின் கீழ் இருந்தன. இரண்டாண்டு கழியுமுன் நினைவு நாணயங்களும் வந்துவிட்டன. 1959-இல் அமைந்த பேங்க் நெகாரா தன் பத்தாம் ஆண்டு நிறைவை 1969-இல் ஒரு ரிங்கிட் நாணயத்தால் குறித்தது. அது நம்மவர் வாயில் ‘ஒரு வெள்ளி’யே எனினும் உலோகம் செம்பும் நிக்கலும் கலந்த கலவை. அதே 1969-இல் சிங்கப்பூர், ராஃபிள்ஸ் வந்திறங்கிய 150ஆம் ஆண்டை முன்னிட்டு 150 வெள்ளி முகமதிப்புள்ள பொன் நாணயத்தை ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தின் உருவோடு வெளியிட்டது. 1973-இல் சிங்கப்பூரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது வெளிவந்த 5 வெள்ளி நாணயத்தில் அவ்வாண்டு திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கு இடம்பெற்றது. அவ்வரங்கு 2007-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அங்கு உட்கார்ந்து பந்தாட்டம் கண்டவர்களுக்கு அந்நாணயம் இன்று தரும் உணர்ச்சியை 1973-இல் எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சீன ராசி வரிசையில் 1981-இல் வந்த சேவல் நாணயம் சிங்கப்பூரில் சேகரிப்பை ஒரு பரவலான பழக்கமாக்கியது எனலாம்.

மலேசிய நினைவு நாணயங்களுள் நம் மனம் மீண்டும் மீண்டும் செல்வது 1977-இல் வந்த ஒன்றிடம். இயற்கை ரப்பர் உற்பத்தியின் நூற்றாண்டைக் குறித்தது அது. அந்நூற்றாண்டின் தொடக்கம் 1877. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹம் கொணர்ந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து 22 கன்றுகள் அவ்வாண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு பயிர் நூறாண்டு கண்டமைக்கு நாணயம் அடித்தது தக்கதே. அந்தப் பால்மரத்தை விடியுமுன் எழுந்து வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் யார் என்பதை இவ்வரங்கில் இருப்போர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய நாணயத்தில் அவர்கள் பெயர் வருவதற்கில்லை. நாணயத்தின் வேலை அதுவன்று. அவர்கள் பெயர் எழுதப்பட்ட உலோகம் ஒன்று உண்டா என்று தேடியபோதே நாம் நாணயத்திலிருந்து பதக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அதற்குமுன் மொழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

இவ்வட்டாரத்தில் தமிழுக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், கிலோங் தோம் பகுதியில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறு கல் ஒன்று கிடைத்துள்ளது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ எனப் பொறித்துள்ளது. அது ஒரு பொற்கொல்லரின் உரைகல். கடல்கடந்து வந்த தமிழர் ஒருவர் தம் கருவியில் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதிக்கொண்டார். கிளந்தானின் பழைய பொற்காசான ‘கிஜாங்’ இன்னொரு சான்று. அதிலுள்ள விலங்கை மான் என்பது மலாய் மரபு. தென்னிந்தியக் காசுகளில் வரும் திமிலுடைய காளையின் வழிவந்தது என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும் பேங்க் நெகாராவின் சின்னத்தில் இன்று நிற்பது அந்த விலங்கே.

இத்தனைப் பழைமை இருந்தும், ஆங்கிலேயர் காலத்தில் இங்குப் புழங்கிய வெள்ளிக் காசில் தமிழுக்கு இடமில்லை. 1903-இல் வந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு டாலர் காசில் ஆங்கிலத்தோடு சீனமும் ஜாவியும் உள்ளன. இலங்கையில் நிலை வேறு. 1870 எனத் தேதியிட்ட செப்புக் காசுகளிலேயே பனையின் இருபுறமும் சிங்களமும் தமிழும் நிற்கக் காண்கிறோம். சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டுப் புழக்கக் காசுகளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 1985-இல் வந்த இரண்டாம் வரிசையிலிருந்தே நாட்டுச் சின்னத்தைச் சூழ நான்கு மொழிகளிலும் பெயர் வரலாயிற்று. நினைவு நாணயங்கள் பலவும் அம்முறையையே பின்பற்றுகின்றன. ஐந்து காசு நாணயம் ஒன்றைக் கையிலெடுத்து உருப்பெருக்கியால் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வதுண்டு. ‘சிங்கப்பூர்’ என்பதில் ஆறெழுத்து. அவற்றுள் மூன்று மெய். அந்தச் சிறு வட்டத்தில் மூன்று புள்ளிகளைத் தனித்தனியே மேடாக நிறுத்துவது அச்சுச் செதுக்குவோர்க்கு எளிய பணியன்று. நெடுநாள் புழங்கி நலிந்த காசில் முதலில் மறைவதும் புள்ளியே. பழைய கல்வெட்டிலும் ஓலையிலும் புள்ளியில்லாத மெய்களைப் படித்துப் பழகியவர்க்கு இக்காசு ஒரு சிறு கல்வெட்டாகவே தோன்றும்.

தமிழரே ஆண்ட காலத்திலும் காசில் தமிழ் தானே வந்து அமர்ந்துவிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்க. இராசராசன் பெயர் பொறித்துப் பெருமளவில் கிடைக்கும் காசுகளில் காணப்படுவது நாகரி எழுத்து. நம் காலத்துக்கு வருவோம். 1995-இல் தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை முன்னிட்டு இந்திய அரசு திருவள்ளுவர் உருவத்தோடு நாணயங்கள் வெளியிட்டது. அவற்றில் தேவநாகரியும் ஆங்கிலமும் உள்ளன. வள்ளுவர் எழுதிய மொழி இல்லை. இந்திய நாணயங்களின் பொதுவிதி அதுவே என்பதால் எவரையும் குறைகூறுவதற்கில்லை எனினும், அந்நாணயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நமக்கு நினைவிருக்கிறது. பின்னர் ஒரு வழி கண்டனர். 2009-இல் அண்ணாவின் நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பமும், 2024-இல் கலைஞரின் நூற்றாண்டு நாணயத்தில் அவர் கையெழுத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்பதும் இடம்பெற்றன. பொறிப்பாக நுழைய முடியாத எழுத்து, உருவத்தின் ஒரு பகுதியாக உள்ளே வந்தது.

இனி நாம் தேடிச்சென்ற பதக்கங்களுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்குமுன் அன்பர் ஒருவர் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியோடு நம் இல்லத்துக்கு வந்தார். காலஞ்சென்ற அவர் தந்தையார் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆசிரியராய் இருந்தவர். பெட்டியில் நாணயங்களும் பதக்கங்களும் கலந்து கிடந்தன. “ஐயா, கடைக்காரர் வெள்ளிக் காசை எல்லாம் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். இவை பித்தளை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தூக்கிப் போட மனம் வரவில்லை” என்றார். கடைக்காரர் எடுத்துக்கொண்டவை ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டவை; எந்தப் பட்டியலிலும் படத்தோடு இருப்பவை. திருப்பிக் கொடுத்தவை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

முதற்பதக்கத்தின் முகப்பில் ஓடும் சிறுவன் உருவம். சுற்றிலும் ‘தமிழ் பாடசாலை விளையாட்டுப் போட்டி’ என்று பொறித்திருந்தது. ஆண்டு இல்லை. ஆயினும் இப்பொறிப்பே தன் காலத்தை ஓரளவு சொல்லிவிடுகிறது. ‘பாடசாலை’ என்பதன் இறுதியிலுள்ள லையும் ‘விளையாட்டு’ என்பதிலுள்ள ளையும் மேலே துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருந்தன. பெரியார் 1935-இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஆணையாக்கியபோது மாறிய 13 எழுத்துகளுள் இவ்விரண்டும் அடங்கும். நம் நாடுகள் அதனைப் பின்பற்றியது அதன் பின்னரே. எனவே பழைய லை, ளை, னை, ணை, றா, னா, ணா முதலியன ஒரு பதக்கத்தில் இருப்பின் அது பெரும்பாலும் எண்பதுகளுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். ஆனால் இதனைத் தலைகீழ் விதியாக்கிவிடக் கூடாது. பழைய அச்செழுத்தையே வைத்துக்கொண்டு நெடுங்காலம் தொழில் செய்த அச்சகத்தாரும் பதக்கக்காரரும் உண்டு. எழுத்தோடு சொல்லையும் பார்க்க வேண்டும். ‘பாடசாலை’ மெல்ல மெல்லப் ‘பள்ளி’ ஆயிற்று. ‘மலாயா’ என்றிருப்பின் பெரும்பாலும் 1963 செப்டம்பர் 16-க்கு முற்பட்டதாக இருக்கும். ‘தமிழ்’ என்பதற்குப்பின் வல்லொற்று இல்லாதிருப்பதையும் பிழையென்று ஒதுக்காமல் அவ்வாறே குறித்துக்கொள்க. எழுதியவர் யார், எங்குப் பயின்றவர் என்பதற்கு ஒருநாள் அது சான்றாகலாம்.

இரண்டாம் பதக்கம் ஓர் ஆலயத்தினுடையது. ‘கும்பாபிஷேக நினைவு’ என்றும் ‘ஏவிளம்பி வருஷம் ஆவணி’ என்றும் எழுதியிருந்தது. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களைக் கொண்டு காலம் கணிப்பதில் உள்ள இடர் அனைவரும் அறிந்ததே. ஏவிளம்பி 1957-58, மீண்டும் 2017-18. இங்கே நமக்கு இரு துணைகள் கிடைத்தன. ‘நினைவு’ என்பதிலுள்ள னை பழைய வடிவில் இருந்தது. ‘கும்பாபிஷேகம்’, ‘வருஷம்’ என்ற சொல்லாட்சியும் முற்பட்ட தலைமுறையினது. இன்று அடிப்போர் பலர் ‘குடமுழுக்கு’ என்றோ ‘திருக்குட நன்னீராட்டு’ என்றோ எழுதுவர், ‘ஆண்டு’ என்பர். ஆகவே இது 1957. அவ்வாண்டு ஆவணித் திங்களில்தான் ஆகஸ்டு 31 வந்தது. நாடு விடுதலை பெற்ற அதே திங்களில் எங்கோ ஓர் ஆலயத்தில் குடமுழுக்கு நடத்தி, அதனை ஒரு பித்தளைத் துண்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். பதக்கத்தில் விடுதலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திருவள்ளுவர் ஆண்டு எழுதப்பட்ட பதக்கங்களில் இன்னொரு வகை மயக்கம் நேரும். கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டினால் வருவது அது. ‘2012’ என்று மட்டும் பொறித்து, தி.ஆ. என்னும் குறிப்புத் தேய்ந்துபோன பதக்கம் ஒன்றைப் புதியதென்று எண்ணி விட்டுவிட்டவர்களை அறிவோம். அது 1981-இனது.

இனி நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ முப்பதாண்டுக்குமுன் ஒரு பழம்பொருள் சந்தையில் கறுத்துப்போன பதக்கம் ஒன்றை இரண்டு வெள்ளிக்கு வாங்கினோம். ஒருபுறம் பால்மரமும் வாளியும். மறுபுறம் நீண்டகாலச் சேவைக்கு வழங்கியது என்னும் ஆங்கில வாசகம். அதன்கீழ் மெல்லிய கோட்டெழுத்தில் தமிழில் ஏதோ இருந்தது. படிக்க இயலவில்லை. வீட்டில் குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தோம். பதக்கம் பளபளத்தது. ஆங்கில வாசகம் அச்சில் அடிக்கப்பட்ட மேட்டெழுத்து ஆகையால் அப்படியே நின்றது. தமிழெழுத்து, பதக்கம் தயாரான பின்னர் ஊசியால் கீறப்பட்டது. முலாமோடு சேர்ந்து அதுவும் போயிற்று. எஞ்சியது ஓர் ‘ஆயி’ மட்டுமே. அது பெற்றவரின் பெயர். முத்தாயியோ, மாராயியோ, பேச்சாயியோ, எவரோ ஒரு பெண்மணி, ஒரு தோட்டத்தில் இருபது முப்பது ஆண்டு மரம் வெட்டியதற்கு ஈடாகப் பெற்ற ஒரே எழுத்துச் சான்றாக அது இருந்திருக்கலாம். நிறுவனத்தின் சொற்கள் இன்றும் தெளிவாய் உள்ளன. அந்தப் பதக்கத்தை நாம் எவருக்கும் கொடுக்கவில்லை, மேசையறையில் வைத்திருக்கிறோம்.

ஆகையால் நினைவு நாணயத்தையோ பதக்கத்தையோ துலக்காதீர். கறுப்பும் பச்சையும் உலோகத்தின் மேற்பூச்சாக நின்று அதனைக் காக்கவும் செய்கின்றன. மண் ஒட்டியிருப்பின் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒற்றி உலர்த்துவது போதும். படிக்க முடியாத பொறிப்பைப் படிக்கத் தேய்ப்பதைவிட ஒளியை மாற்றுவதே வழி. இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மேட்டின் நிழல் பள்ளத்தில் விழுந்து எழுத்துத் தோன்றும். கல்வெட்டாய்வாளர் கையாளும் அதே முறை இது. கைப்பேசிப் படக்கருவியே போதும். விளக்கை நான்கு திசையிலும் நகர்த்தி நான்கு படம் எடுக்க வேண்டும். நாம் அன்று அறியாதது இதுவே.

நம் நாட்டுக் காற்றின் ஈரம் உலோகத்துக்குப் பகை. மென்மையான பிவிசி உறைகளில் சில ஆண்டு வைத்தால் பச்சைநிறப் பிசுபிசுப்புப் படிந்து நாணயத்தை அரிக்கும். மலிவான தொகுப்பேடுகள் பலவும் அவ்வகையினவே. மைலார் உறையோ, அமிலமற்ற தாளுறையோ நன்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டு, மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுக. நாணயத்தை எடுக்கும்போது விளிம்பைப் பிடிக்க வேண்டும், முகத்தைத் தொடலாகாது. மரப்பேழையில் வைப்பது பார்வைக்கு அழகாயினும் சில மரங்களின் ஆவி வெள்ளியையும் செம்பையும் கெடுக்கும். பதக்கத்தோடு நாடாவும் ஊசியும் இருப்பின் அவற்றைப் பிரித்தெறியாமல் தனி உறையிலிட்டுச் சேர்த்தே வைக்கவேண்டும். நாடாவின் நிறத்தைக் கொண்டே எந்த இல்லத்து அணி என்று சொல்லும் பழைய மாணவர்கள் உள்ளனர்.

பதிவு செய்வது சேகரிப்பினும் பெரிது. எடை, குறுக்களவு, உலோகம், இருபுறப் படம், விளிம்பின் தன்மை ஆகியவற்றோடு, பொறிப்பை உள்ளது உள்ளவாறே படியெடுக்க வேண்டும். பிழையைத் திருத்தி எழுதிவிடும் ஆசை தமிழாசிரியர்க்கு மிகுதி, அதனை அடக்கிக்கொள்க. இறுதியாக, அப்பொருள் யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, என்ன கதையோடு வந்தது என்பதையும் அன்றே எழுதிவிடவேண்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்டவற்றுள் பாதி நம்மிடம் இன்று ஊரும் பேரும் அற்று நிற்கின்றன. வணிகர்கள் இவ்வகைச் செய்தியைக் கேட்டு வைப்பதில்லை. சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்படும்வரை அங்குத் தரையில் விரித்த துணிமேல் இத்தகைய பதக்கங்கள் குவியலாய்க் கிடந்ததுண்டு. எங்கிருந்து வந்தவை என்று கேட்டால் தோள்குலுக்கலே விடை. பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தையிலும், பினாங்கின் லோரோங் கூலிட்டிலும் இன்றும் தேடிப்பார்க்கலாம். வரலாற்று ஒழுங்கில் நாணயங்களைக் காண விரும்புவோர் கோலாலம்பூரில் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குச் செல்க. பித்தளைப் பதக்கங்களை அங்கே தேட வேண்டாம். அவை வீடுகளில், பழைய தகரப்பெட்டிகளில், அலமாரியின் மேல்தட்டில் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது மூட்டையோடு வந்தவை. வீடு மாறும்போதும், முதியவர் ஒருவர் மறைந்தபின் அறையைத் துப்புரவு செய்யும்போதும் அவை பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன.

அன்பரின் தகரப்பெட்டியிலிருந்த மூன்றாம் பதக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அது சிறியது, நெஞ்சில் குத்தும் ஊசி முறிந்தது. நடுவில் இரு கைகள் குலுக்கும் உருவம். மேலே ‘வாலிபர் சங்கம்’, கீழே ‘மேட்டுத் தோட்டம்’. தோட்டங்களுக்கு ஆங்கில நிறுவனத்தார் இட்ட பெயர் ஒன்று, அங்கு வாழ்ந்த தமிழர் வழங்கிய பெயர் ஒன்று என்பது மூத்தோர் அறிந்ததே. நிலப்படங்களிலும் நிறுவனக் கணக்கேடுகளிலும் ஏறியது முன்னது; பின்னது பேச்சில் மட்டும் வாழ்ந்து, பேசியவர் கலைந்துபோனதும் மறைந்தது. அதனை ஒரு சங்கத்தார் காசு செலவழித்து உலோகத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். ‘மேட்டு’ என்பதில் ஏகாரக் கொம்பு தெளிவாய் உள்ளது. டகரத்தின் புள்ளியும் உள்ளது. படிப்பதில் ஐயமே இல்லை. அன்பரின் தந்தையார் பேராக்கிலும் சிலாங்கூரிலுமாக ஐந்து தோட்டங்களில் பணியாற்றியவர். அவற்றுள் எதனை மக்கள் மேட்டுத் தோட்டம் என்று அழைத்தனர் என்று அன்பரும் அறியார். அவர் அக்காவைக் கேட்டபோது, அப்பா அப்பெயரைச் சொல்லிக் கேட்ட நினைவுண்டு, இரவில் தொடர்வண்டி ஓசை கேட்கும் இடம் என்பார் என்றாராம். இப்பதக்கத்தின் இருபுறப் படத்தையும் உரை முடிந்தபின் வாயிலருகே உள்ள மேசையில் வைத்திருப்போம். அத்தோட்டத்தில் வாழ்ந்தவரோ, வாழ்ந்தவரை அறிந்தவரோ இங்கிருப்பின் அதனருகே உள்ள தாளில் எழுதிச்செல்ல வேண்டுகிறோம்.